கேட்பதற்கு ஓர் ஆள்

சான்பாடாவில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் வாஷி. அங்கிருந்து தானே கடற்கழியின் மேல் நீளும் பாலத்தைத் தாண்டினால் மான்குர்ட், கோவண்டி, செம்பூர். அரை மணி நேரம்கூட ஆகாத இந்தத் தடத்தில் தினமும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளிக்குப் போய் வருகிறார்கள். பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி இந்தியா கற்றுக்கொண்ட முக்கியமான பாடங்கள் சில, இதே தடத்தின் ஓரத்தில்தான் எழுதப்பட்டன.

சமூகப் பணியைப் பாடமாகக் கற்றுத்தரும் இந்தியாவின் முதல் கல்லூரி 1936இல் பம்பாயின் நாக்பாடாவில் தொடங்கியது. சர் தோராப்ஜி டாட்டா பட்டமேற்படிப்புச் சமூகப்பணிப் பள்ளி என்று அதற்குப் பெயர். அதை நடத்தியவர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர். அவருக்குப் பின் இயக்குநர் பொறுப்பேற்ற முதல் இந்தியர் ஜே. எம். குமரப்பா, காந்தியப் பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். அந்தக் கல்லூரிதான் இன்று செம்பூரை ஒட்டிய தேவ்னாரில் இருக்கும் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். மும்பைக்காரர்களுக்கு ‘டிஸ்’.

கல்லூரி தொடங்கிய மறு ஆண்டே, 1937இல், அது ஒரு குழந்தை வழிகாட்டு மையத்தைத் திறந்தது. இந்தியாவில் அப்படியொரு மையம் அதுவே முதல். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுகிற பிள்ளை, திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளை, யாரைக் கண்டாலும் அடிக்கக் கை ஓங்குகிற பிள்ளை: இவர்களைத் திருத்துவதற்குப் பிரம்பையும் வேப்பிலையையும் தாண்டி ஒரு வழி உண்டு என்று நம்பிய முயற்சி அது. 1909இல் சிகாகோவில் தொடங்கிய குழந்தை வழிகாட்டு இயக்கம் மூவர் கொண்ட குழுவை உருவாக்கியிருந்தது. மனநல மருத்துவர் ஒருவர், உளவியலாளர் ஒருவர், சமூகப் பணியாளர் ஒருவர். மூன்றாமவர் பிள்ளையின் வீட்டுக்கும் பள்ளிக்கும் நேரில் போய்ப் பார்ப்பார். பிள்ளையின் துன்பத்துக்கு வேர் பிள்ளைக்குள் மட்டும் இருப்பதில்லை. வீடு, பள்ளி, தெரு மூன்றிலும் தேட வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

அறுபது ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்திலிருந்து இன்னொன்று கிளம்பியது. டிஸ்ஸில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜெரூ பில்லிமோரியா, மும்பையின் தெருக்களிலும் ரயில் நிலையங்களிலும் வாழ்ந்த பிள்ளைகளோடு பழகியவர். ஆபத்து வரும்போது அவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி எண் வேண்டும் என்று 1996இல் அவர் தொடங்கியதே சைல்டுலைன். பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் எண்ணினால் நினைவில் நிற்கும் 1098 என்ற எண், நாடு முழுவதும் பரவியது. 2023 முதல் அரசே அதை ஏற்று நடத்துகிறது, எண் மாறவில்லை.

பிறகு 2013இல், டிஸ்ஸில் படித்த இளைஞர்கள் அப்னி ஷாலா அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமூக-உணர்வுக் கற்றலை வகுப்பறைக்குள்ளேயே கொண்டுபோவது அவர்கள் வேலை. தன் உணர்வை அறிவது, அடக்கி ஆளுவது, பிறர் நிலையை உணர்வது, சண்டையைப் பேசித் தீர்ப்பது, யோசித்து முடிவெடுப்பது ஆகியவற்றை மொழிப்பாடம் போலவே படிப்படியாகக் கற்பிக்கலாம் என்பதே சமூக-உணர்வுக் கற்றல். கோவண்டி, மான்குர்ட், தேவ்னார் அடங்கிய எம்-கிழக்கு வார்டில் இந்த அமைப்பு மாநகராட்சியோடு சேர்ந்து ‘கோஜ்’ என்ற பள்ளியையும் நடத்துகிறது. 2009ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் கடைசி இடத்தில் இருந்த வார்டு இது.

முதலில் மையத்துக்கு வரும் பிள்ளைக்குக் காது கொடுத்தார்கள். அடுத்துத் தொலைபேசியில் கேட்டார்கள். கடைசியில் பிள்ளை நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்கே போனார்கள். இந்தத் திசைமாற்றம் சரிதான் என்று அறிவியலும் சொல்கிறது. வகுப்பறைக்குள் எப்படிப் போவது, யார் போவது என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும் என்கிறது.

முதலில் பிரச்சினையின் அளவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 17 வயதுள்ளோரில் 7.3 சதவீதம் பேருக்கு மருத்துவ அளவுகோலில் மனநலக் கோளாறு இருந்தது. ஊரகங்களில் இது 6.9 சதவீதம், பெருநகரங்களில் 13.5 சதவீதம். மும்பை போன்ற ஊரில் அறுபது பேர் படிக்கும் வகுப்பு என்றால், ஏறக்குறைய எட்டுப் பேர். உலக சுகாதார நிறுவனம் சொல்வது இன்னும் கூர்மையானது: வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு, 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகிறது. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வயதில் மருத்துவரை விட, அப்பாவின் நண்பரை விட, பிள்ளையை அதிக நேரம் பார்க்கிறவர் ஆசிரியர்தான்.

கோளாறு என்று பெயர் சூட்ட முடியாத அன்றாடப் பாரம் இதைவிடப் பரவலானது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், 2022இன் முதல் மாதங்களில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 3,79,842 மாணவர்களிடம் கருத்துக் கேட்டது. பதற்றம் எதனால் என்ற கேள்விக்கு 50 சதவீதம் பேர் படிப்பைச் சொன்னார்கள். 31 சதவீதம் பேர் தேர்வையும் அதன் முடிவையும் சொன்னார்கள். வகுப்பில் சந்தேகம் கேட்கத் தயங்குவதாகச் சொன்னவர்கள் 28 சதவீதம்.

அந்தத் தயக்கத்துக்குள் என்ன நடக்கிறது? வகுப்பில் கணக்குப் போடச் சொல்லி ஒரு பையனை எழுப்புகிறார்கள். முந்தின நாள் இரவு வீட்டில் பிழையில்லாமல் போட்ட அதே கணக்கு. இப்போது கை நகரவில்லை. “ஏண்டா மரம் மாதிரி நிக்கிற?” என்று அதட்டல் விழுகிறது. கொஞ்சநஞ்சம் நினைவுக்கு வந்ததும் போய்விடுகிறது. பார்க்கிறவர்களுக்கு இது திமிராகவோ சோம்பலாகவோ தோன்றும்.

யேல் பல்கலைக்கழக நரம்பியலாளர் ஏமி ஆர்ன்ஸ்டனின் நெடுநாள் ஆய்வுகள் வேறு விளக்கம் தருகின்றன. எண்களைக் கண நேரம் மனத்தில் பிடித்துவைத்துக் கூட்டிக் கழிப்பதும், கவனத்தை ஒருமுகப்படுத்துவதும், நாக்கில் வந்த சொல்லை விழுங்கிக்கொள்வதும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் வேலை. லேசான பரபரப்பு அதை உசுப்பிவிடும். தன் கட்டுப்பாட்டுக்கு மீறிய அச்சம் வந்தால், டோபமினும் நார்அட்ரினலினும் அளவுக்கு மேல் சுரந்து, அங்குள்ள நரம்பு இணைப்புகளைத் தற்காலிகமாகத் தளர்த்திவிடுகின்றன. கட்டுப்பாடு அமிக்டலா போன்ற, மூளையின் பழைய பகுதிகளுக்குக் கைமாறுகிறது. ஓடு, எதிர்த்து நில், உறைந்து நில் என்ற மூன்று கட்டளைகளைத்தான் அவை அறியும். பலகை முன் நிற்கும் பையன் மூன்றாவதைச் செய்துகொண்டிருக்கிறான். கடைசி பெஞ்சில் பக்கத்துப் பையனைக் குத்துகிறவன் இரண்டாவதை. வாரத்தில் இரண்டு நாள் வயிற்றுவலி என்று வீட்டில் தங்கிவிடும் பெண் முதலாவதை. போதாக்குறைக்கு, இந்த முன்மூளைப் பகுதி முழு வளர்ச்சி அடைய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. பெரியவர்களிடம் இருக்கும் அதே தடுப்புக் கருவி பிள்ளைகளிடமும் இருப்பதாக எண்ணித்தான் பள்ளிகள் பெரும்பாலும் தண்டிக்கின்றன.

தண்டனை பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதைத் தடுக்கிறது. மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி மட்டம் தட்டுவது அந்த இரண்டாம் வகை. அடியைவிட அது நெடுநாள் தங்குவதும் உண்டு.

உறைந்துபோன மூளையை மீட்பது எப்படி? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாத்யூ லீபர்மன் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று எளிய விடை தருகிறது. கோபமோ அச்சமோ தெரியும் முகப் படங்களைப் பார்த்தவர்கள், அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் இயக்கம் தணிந்தது. அதைக் கட்டுப்படுத்தும் முன்மூளைப் பகுதியில் இயக்கம் கூடியது. அதே படத்துக்குப் பொருத்தமான ஆள் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அப்படி நேரவில்லை. சோதனையில் பங்கேற்றவர்கள் பெரியவர்கள்தான். என்றாலும், காலையில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து “இன்னிக்கு மனசு எப்படி இருக்கு?” என்று கேட்கும் வழக்கத்துக்கு நரம்பியல் அடிப்படை உண்டு என்பதை இது காட்டுகிறது. ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று சொல்ல முடிகிற பிள்ளை, பயத்தின் பிடியிலிருந்து ஓர் அடி விலகிவிடுகிறது.

மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே கூடுதலாக ஒரு கேள்வி: எந்த மொழியில் சொல்வது? தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்று படிக்கிறார்கள். வீட்டில் நெல்லைத் தமிழ், சந்தில் இந்தி, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். 2020ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியும் கட்டாயம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் சான்பாடாவிலும் இதே கலவைதான், விகிதம் மட்டும் மாறும். மும்பை மாநகராட்சி எட்டு மொழிவழிகளில் பள்ளி நடத்துகிறது; தமிழும் அவற்றில் ஒன்று. ஆனால் ஆங்கிலவழிக்கு மாறிய வீடுகளே இப்போது அதிகம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஹாரிஸ் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னால் ஆங்கிலம் கற்றவர்களின் விரல்களில் மின்கடத்தல் அளவிடும் கருவியைப் பொருத்தினார்கள். சிறுவயதில் கேட்கும் அதட்டல்கள் துருக்கியில் ஒலித்தபோது தோலில் எழுந்த அதிர்வு, அதே அதட்டல்கள் ஆங்கிலத்தில் ஒலித்தபோது எழுந்ததைவிட அதிகம். உணர்ச்சி, முதலில் கற்ற மொழியோடு ஆழமாகப் பிணைந்திருக்கிறது. ஆகவே உணர்வைப் பற்றிப் பேசும் நேரத்திலாவது ‘இங்கிலீஷில் பேசு’ என்ற விதியைத் தளர்த்துவது பள்ளிகள் செலவின்றிச் செய்யக்கூடியது. ஆசிரியருக்கு அந்த மொழி தெரியாவிட்டாலும், பக்கத்தில் இருக்கும் தோழி மொழிபெயர்ப்பாள்.

தோழி என்று ஒருத்தி இருந்தால். இல்லாத பிள்ளையின் நிலை வேறு.

நவோமி ஐசன்பர்கரும் அவர் குழுவினரும் 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் மூன்று பேர் பந்து வீசி விளையாடும் எளிய ஆட்டம். சற்று நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே பந்தை வீசிக்கொள்கிறார்கள். மூன்றாமவருக்குப் பந்து வருவதே இல்லை. ஸ்கேனில் படுத்திருந்த அந்த மூன்றாமவரின் மூளையில், உடல்வலியின் துன்பத்தோடு தொடர்புடைய பகுதியின் இயக்கம் கூடியது. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது. முகம் தெரியாத இருவர் ஐந்து நிமிட ஆட்டத்தில் ஒதுக்கினாலே மனம் சுருங்குகிறது என்பதில் மட்டும் ஐயமில்லை. மதிய உணவு நேரத்தில் ஆண்டு முழுவதும் தனியாக டிபன் டப்பாவைத் திறக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை இதை வைத்தே ஊகிக்கலாம்.

சீண்டலையும் ஒதுக்கலையும் ஆராய்ந்த ஃபின்லாந்து உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி, சீண்டுபவரையும் சீண்டப்படுபவரையும் விட்டுவிட்டுச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தார். சிலர் கூடச் சேர்ந்துகொள்கிறார்கள், சிலர் சிரித்து ஊக்கம் தருகிறார்கள், சிலர் ஒதுங்கிப் போகிறார்கள், ஒரு சிலர் மட்டும் தடுக்கிறார்கள். சீண்டுகிறவருக்குத் தேவை பார்வையாளர்கள். பார்வையாளர்களைத் திருப்பினால் ஆட்டமே கலையும். இந்த எண்ணத்தில் டுர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான ‘கிவா’ திட்டத்தை 78 பள்ளிகளில் 8,000க்கும் அதிகமான பிள்ளைகளிடம் சோதித்தபோது சீண்டல் குறைந்தது. பின்னர் அது நாடு முழுவதும் பரவியது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் கடுமையான முகம் கொண்டது. 2023இல் நெல்லை மாவட்டத்தின் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள். காரணம் சாதி. அதன் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது முதல் பள்ளிகளில் நல அலுவலர்களை நியமிப்பது வரை அதில் பரிந்துரைகள் இருந்தன. அதே ஆண்டு நவம்பரில் அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்ற பெயரில் குழு முறை தொடங்கப்பட்டது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்கள். ஊரும் தெருவும் பிரித்துவைத்த பிள்ளைகள் ஒரே அணியில் நிற்க ஒரு வாய்ப்பு. தாராவித் தமிழர் பலரின் பூர்வீகம் அந்த நெல்லைப் பகுதிதான். ஊர்ப் பாகுபாடுகள் ரயில் ஏறி வருவது அவர்களுக்குப் புதிதல்ல.

சரி, எது பலன் தருகிறது? ஜோசப் டுர்லக்கும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் 213 சமூக-உணர்வுக் கற்றல் திட்டங்களின் முடிவுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 2,70,034 மாணவர்கள். நடத்தையும் மனநிலையும் மேம்பட்டதோடு, கல்வித் தேர்ச்சியும் சராசரியாக 11 சதமானப் புள்ளிகள் உயர்ந்திருந்தது. ‘இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கினால் போர்ஷன் முடியாது’ என்று அஞ்சும் பள்ளிகளுக்கு இதுவே நேரடியான பதில். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தினசரி மகிழ்ச்சி வகுப்பு தொடங்கப்பட்டதற்கும் இத்தகைய நம்பிக்கையே அடிப்படை.

ஆனால் வகுப்பு நேரத்தில் ஒரு பாடவேளையைச் சேர்த்தால் போதும் என்று நினைத்தவர்களுக்கு 2022இல் பிரிட்டனிலிருந்து ஏமாற்றம் வந்தது. 85 பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மனக்குவிப்பு வகுப்புகளை நடத்தினார்கள். ‘மிரியட்’ என்று பெயரிடப்பட்ட அந்தப் பெரிய சோதனையில், வழக்கமான பாடம் படித்த பிள்ளைகளைவிட இவர்களின் மனநலம் மேம்பட்டதாகத் தெரியவில்லை. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைப் பெரும்பாலான பிள்ளைகள் செய்யவே இல்லை. மேலிருந்து இறக்கப்பட்ட பாடம் எதற்கும் நேரக்கூடிய கதிதான்.

இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவே ஒளி பாய்ச்சுவது, பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த ‘சேஹர்’ ஆய்வு. கோவாவின் சங்காத் அமைப்பும் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேலும் இதில் முன்னின்றார்கள். 74 அரசு உயர்நிலைப் பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பில் 13,000க்கும் அதிகமான மாணவர்கள். பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் வகைப் பள்ளிகளுக்கு ‘சேஹர் மித்ரா’ என்ற முழுநேரப் பணியாளர் ஒருவரை அனுப்பினார்கள். அவர் மருத்துவர் அல்லர், உளவியல் பட்டம் பெற்றவரும் அல்லர். இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர். இரண்டாம் வகைப் பள்ளிகளில் அதே வேலையை, அதே பயிற்சியோடு, அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தார்கள். மூன்றாம் வகையில் அரசின் வழக்கமான வளரிளம் பருவக் கல்வி மட்டும்.

மித்ரா செய்த வேலைகளைப் பட்டியலிட்டால் பெரிய இரகசியம் எதுவும் இருக்காது. காலைக் கூட்டத்தில் நலம் பற்றிய நிகழ்ச்சி. பெயர் போட்டோ போடாமலோ பிள்ளைகள் குறை எழுதிப் போட ஒரு பெட்டி. சுவர் இதழ். போட்டிகள். தலைமையாசிரியர், பெற்றோர், மாணவர் சேர்ந்த ஒரு குழு. மாணவப் பிரதிநிதிகளின் கூட்டம். தேடி வரும் பிள்ளையுடன் தனியாக உட்கார்ந்து பேச நேரம். பெட்டியில் விழுந்த குறைக்குப் பதில் கிடைத்தது. கழிப்பறை பற்றிய புகாரும் அடிக்கும் ஆசிரியர் பற்றிய புகாரும் பேசுபொருளாக வாய்ப்பு வந்தது.

எட்டு மாதங்களில் முடிவு தெரிந்தது. மித்ரா இருந்த பள்ளிகளில் மாணவர்கள் பள்ளியைப் பற்றி உணரும் விதம் பெரிதும் மேம்பட்டிருந்தது. மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன, சீண்டல் குறைந்தது, வன்முறை குறைந்தது. ‘லான்செட்’ இதழில் 2018இல் இது வெளியானது. 17 மாதங்களுக்குப் பின் மீண்டும் அளந்தபோது பலன் இன்னும் கூடியிருந்தது. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளிலோ, வழக்கமான கல்வி மட்டும் நடந்த பள்ளிகளுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு இல்லை.

இதை ஆசிரியர்மீது குற்றமாக வாசித்தால் ஆய்வையே தவறாக வாசித்ததாகும். பாடம் முடிக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், இணையதளத்தில் விவரம் ஏற்ற வேண்டும், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்குப் போக வேண்டும். இந்த மூட்டையின் மேல் இன்னொரு பொட்டலத்தை வைத்தால் அது சரிந்துதான் விழும். மேலும், மதிப்பெண் போடுகிறவரிடமே மனக்குறையைச் சொல்லப் பிள்ளைக்குத் துணிச்சல் வராது. வேலை என்னவென்று தெரிந்தால் மட்டும் போதாது; அதைச் செய்வதற்கென்றே நேரமும் பொறுப்பும் உள்ள ஓர் ஆள் வேண்டும். நாளந்தாவின் கிராமப் பள்ளிகள் நிறுவியது இதைத்தான்.

அந்த ஆள் பெரிய பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு டெல்லியிலும் சான்று உண்டு. ‘பிரைட்’ என்ற திட்டத்தில், மன உளைச்சலோடு வந்த 250 பேரளவு அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் சில அமர்வுகளில் சிக்கலைத் தீர்க்கும் வழியைக் கற்பித்தார்கள். படக்கதைப் புத்தகங்கள் துணை. அவற்றை மட்டும் கொடுத்து அனுப்பிய மாணவர்களைவிட, ஆளோடு பேசிய மாணவர்களுக்குத் தாங்கள் சொன்ன பிரச்சினைகளின் கடுமை அதிகமாகக் குறைந்தது.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடிகாரப் பெற்றோர், உடைந்த குடும்பம் என்று பல பாரங்களோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர், நல்ல நிலையில், அன்பும் திறமையும் உள்ள மனிதராக வளர்ந்திருந்தார். அவர்கள் வாழ்க்கையில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, தன்னை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர். பாட்டி, பக்கத்து வீட்டு அத்தை, பல நேரங்களில் ஓர் ஆசிரியர். மைக்கேல் ரெஸ்னிக் 1997இல் அமெரிக்காவில் 12,000க்கும் அதிகமான பதின்பருவத்தினரிடம் கண்டதும் இதோடு இசைகிறது: வீட்டோடும் பள்ளியோடும் ஒட்டுதல் உணர்ந்த பிள்ளைகளிடம் மன உளைச்சலும் வன்முறையும் போதைப்பழக்கமும் குறைவு.

ஆசிரியர்களுக்கு இங்கே ஒரு பங்கு இருக்கிறது, அது அவர்கள் மூட்டையின் எடையைக் கூட்டாத பங்கு. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்றார்கள். பாடத்தில் பிள்ளைகளின் ஈடுபாடு 20 சதவீதப் புள்ளி உயர்ந்தது. குறும்பும் இடையூறும் குறைந்தன. அறுபது பேர் வகுப்பில் அறுபது பெயர்களும் தெரிந்திருப்பது ஒரு வகையில் மனநலச் சேவைதான்.

சில நேரம் விதியை மாற்றுவதே போதுமானது. பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ தவறினால் ஓராண்டு வீண் என்றிருந்த தமிழ்நாட்டில், உடனடித் துணைத் தேர்வு வந்த பிறகு தோல்வியின் பாரம் மாறியது. சென்னையில் 1986இல் ‘ஸ்நேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், இதைப் பிள்ளைகளின் உயிரைக் காத்த நடவடிக்கையாகத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகிறார்.

அரசின் ஏடுகளில் இன்று சரியான சொற்கள் பல இருக்கின்றன. 2020 பிப்ரவரியில் தொடங்கிய பள்ளி நலத் திட்டம், ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாக்கி, 11 தலைப்புகளில் வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கச் சொல்கிறது. உணர்வுநலம் அவற்றில் ஒன்று. நாளந்தாவின் முடிவை அறிந்தவர்களுக்கு, தூதராவதும் ஆசிரியரே என்பது கவலை தரும். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 15 வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள், பிள்ளைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ குறைந்தது ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சமூகப் பணியாளர் என்ற சொல் அதில் இருப்பது முக்கியம். நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. சமூகப் பணி படித்து வெளிவரும் இளைஞர்களோ மும்பையில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஹார்பர் லைன் ஓரத்திலேயே படிக்கிறார்கள்.

பெற்றோர் செய்யக்கூடியது என்ன? மகாராஷ்டிரத்தில் பெரும்பாலான பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. முதல் பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் கட்டணம், சீருடை, பேருந்து பற்றிப் பேசும்போது வேறு நான்கு கேள்விகளையும் கேட்கலாம். இந்தப் பள்ளியில் பிள்ளைகள் மனம்விட்டுப் பேச யார் இருக்கிறார்? வாரத்தில் எத்தனை நாள், எந்த அறையில்? பிள்ளை எழுதிப் போடும் குறையை யார் படிக்கிறார், எத்தனை நாளில் பதில் சொல்கிறார்? அவர் மதிப்பெண் போடும் பொறுப்பில் இல்லாதவரா? வீட்டில் தூக்கமோ சாப்பாடோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், பிடித்த விளையாட்டையே பிள்ளை கைவிட்டிருந்தால், ‘நான் இல்லாட்டி நல்லா இருக்கும்’ என்பதுபோல் பேசினால், கூட்டத்துக்குக் காத்திராமல் அன்றே உதவி கேட்க வேண்டும். டெலிமானஸ் எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்கும் இந்த இலவசச் சேவையில் தமிழிலும் மராத்தியிலும் பேசலாம். பிள்ளையை யாரேனும் துன்புறுத்தினால் 1098.

அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி ஆகியவற்றின் பெற்றோருக்குக் கேள்வியைத் தாண்டியும் கையில் ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரே இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். 22ஆம் பிரிவு அந்தக் குழுவைப் பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதச் சொல்கிறது; அரசு தரும் நிதிக்கு அந்தத் திட்டமே அடிப்படை. கூடுதல் வகுப்பறை, கழிப்பறை, குடிநீர்த் தொட்டி என்று எழுதப்படும் அந்தப் பட்டியலில், பிள்ளைகள் பேசுவதைக் கேட்கும் முழுநேரப் பணியாளர் ஒருவர் வேண்டும் என்ற வரியையும் சேர்த்துத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பத் தாராவியின் தாய்மார்களுக்கும் சான்பாடாவின் தாய்மார்களுக்கும் இன்றைய சட்டத்திலேயே இடம் இருக்கிறது.